ப்ளஸ் ஒன் வயதில் காலேஜ் கிரெடிட்: வாஷிங்டன் மாநிலத் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு ரன்னிங் ஸ்டார்ட் வழிகாட்டி

சியாட்டில் வட்டாரத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீடுகளுக்கு, குளிர்காலம் முடியும் நேரத்தில் ஹைஸ்கூலில் இருந்து ஒரு மின்னஞ்சல் வரும். ரன்னிங் ஸ்டார்ட் அறிமுகக் கூட்டம், பெற்றோரும் வரலாம் என்று இரண்டே வரிகள். நிறையப் பேர் அதைத் திறப்பதுகூட இல்லை. திறந்து படித்தவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, “நிஜமாகவே ஃப்ரீயா?”

பெரும்பாலும் ஃப்ரீதான். ஆனால் என் மகளோடு இரண்டு வருடம் இந்த வழியில் நடந்து முடித்த பிறகு, அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு என்று உறுதியாக நம்புகிறேன். இப்போது எடுக்கிற கிரெடிட் (ஒரு பாடத்தை முடித்ததற்குக் கிடைக்கும் மதிப்பலகு), இரண்டு வருடம் கழித்து எங்கே போய்ச் சேரும்? இதைக் கேட்காமல் ஆரம்பித்தவர்கள் கைநிறைய கிரெடிட் சேர்த்துவிட்டு, அதில் பாதி எதற்கும் பயன்படாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் விண்ணப்பத்திலிருந்து தொடங்காமல், முடிவிலிருந்து பின்னோக்கி வரும் வரிசையில் இதை எழுதுகிறேன்.

முதலில், இது என்ன திட்டம்?

வாஷிங்டன் மாநில சட்டமன்றம் 1990-ல் கொண்டுவந்த சட்டத்தில் பிறந்த திட்டம் இது. 11, 12-ஆம் வகுப்பு மாணவர்கள், நம் கணக்கில் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பிள்ளைகள், அருகிலுள்ள கம்யூனிட்டி காலேஜுக்குப் போய்ப் படிக்கலாம். ஒரே வகுப்பு இரண்டு இடத்திலும் கணக்கில் ஏறும்: ஹைஸ்கூல் பட்டத்துக்கும் கிரெடிட், கல்லூரியிலும் கிரெடிட். மாநிலத்தில் உள்ள 34 கம்யூனிட்டி, டெக்னிக்கல் கல்லூரிகள் இதில் இருக்கின்றன. சென்ட்ரல் வாஷிங்டன், ஈஸ்டர்ன் வாஷிங்டன் போன்ற சில பல்கலைக்கழகங்களும் உண்டு. நம்மவர்கள் அதிகம் வசிக்கும் பக்கத்தில் பெல்வியூ காலேஜ், பாத்தலில் கஸ்கேடியா, கிர்க்லண்டில் லேக் வாஷிங்டன் டெக், லின்வுட்டில் எட்மண்ட்ஸ், ஆபர்னில் க்ரீன் ரிவர் என்று கார் தூரத்திலேயே பல கல்லூரிகள் இருக்கின்றன.

பிள்ளைகளுக்கென்று தனி வகுப்பு கிடையாது. பக்கத்து நாற்காலியில் முப்பது வயது நர்ஸிங் மாணவியோ, ராணுவத்திலிருந்து திரும்பியவரோ இருக்கலாம். ஆசிரியருக்கு யார் ஹைஸ்கூல் பிள்ளை என்று தெரியவே தெரியாமலும் போகலாம்.

ஒரு கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் 5 கிரெடிட் பாடம் ஒன்று, ஹைஸ்கூலில் ஒரு முழு வருடப் பாடத்துக்குச் சமம், அதாவது 1 கிரெடிட். அந்த 5 கிரெடிட்டும் ஒரே குவார்ட்டரில், சுமார் பதினோரு வாரத்தில் முடிந்துவிடும். ஒரு வருடப் பாடம் பதினோரு வாரத்தில்! இந்தத் திட்டத்தின் லாபம், ஆபத்து இரண்டுமே இந்த வேகத்தில்தான் இருக்கின்றன.

“கம்யூனிட்டி காலேஜா? மார்க் குறைந்தவர்கள் போகும் இடமல்லவா அது?” என்று ஊரிலிருக்கும் தாத்தா பாட்டி கேட்பார்கள். நம்மிலேயே சிலர் கேட்கிறோம். அந்தப் பார்வை இந்த ஊருக்குப் பொருந்தாது. இங்கே கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் படித்துவிட்டுப் பெரிய பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் சேர்வது சாதாரண வழி. அந்த மாற்றத்துக்காகவே பாடங்கள் ஒழுங்குபடுத்தப்பட்டிருக்கின்றன.

ஏ.பி. போதாதா?

ஏ.பி. என்பது ஹைஸ்கூலிலேயே நடக்கும் கல்லூரி அளவுப் பாடம். அதில் வருடம் முழுக்கப் படித்தாலும், மே மாதத்தில் எழுதும் ஒரே தேர்வில் 5-க்கு எத்தனை வாங்கினீர்கள் என்பதுதான் கிரெடிட்டைத் தீர்மானிக்கும். ரன்னிங் ஸ்டார்ட்டில் ஒற்றைத் தேர்வு என்று எதுவும் இல்லை. கட்டுரை, குவிஸ், லேப், மிட்டெர்ம் எல்லாம் சேர்ந்து ஒரு கிரேடு வரும். பாஸ் என்றால் கிரெடிட் கையில். பரீட்சை நாளில் பதறிப்போகும் பிள்ளைக்கு இது நல்லது. ஆனால் ஏ.பி.யில் மோசமான ஸ்கோர் வந்தால் அதைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பாமல் இருக்கும் வழி உண்டு. கல்லூரி கிரேடை அப்படி மறைக்க முடியாது.

மூன்றாவது வழி, ‘காலேஜ் இன் தி ஹைஸ்கூல்’. கல்லூரிப் பாடத்தை ஹைஸ்கூல் ஆசிரியரே பள்ளிக்கூடத்திலேயே நடத்துவார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சில பாடங்கள்கூட இப்படிப் பல பள்ளிகளில் நடக்கின்றன. அரசுக் கல்லூரிகள் வழங்கும் இந்தப் பாடங்களுக்கு 2023-24 முதல் கட்டணம் இல்லை. வெளியே போகத் தயங்கும் பிள்ளைக்கு இதுவே நல்ல ஆரம்பம் என்பது என் எண்ணம்.

படி 1: போய்ச் சேரும் இடத்தை முதலில் பேசுங்கள்

பதினைந்து வயதில் எந்தப் பல்கலைக்கழகம் என்று யாருக்குத் தெரியும் என்பீர்கள். பெயர் தேவையில்லை, திசை தெரிந்தால் போதும்.

இந்த மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகம்தான் திசை என்றால் உங்களுக்கு வழி மிகவும் சுலபம். மாநிலக் கல்லூரிகளின் பாடக் குறியீட்டில் “&” என்ற அடையாளம் இருந்தால், அது எல்லாக் கம்யூனிட்டி காலேஜ்களுக்கும் பொதுவான பாடம் என்று அர்த்தம். ஒரு கல்லூரியில் எடுத்த இங்கிலீஷ்& 101, அடுத்த கல்லூரியிலும் அதுவேதான். இதோடு டி.டி.ஏ. என்ற நேரடி மாற்று ஒப்பந்தமும் இருக்கிறது. வகுத்த பாடங்களோடு 90 குவார்ட்டர் கிரெடிட் முடித்து அசோசியேட் என்ற இரண்டு வருடப் பட்டம் வாங்கினால், மாநிலத்தின் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் பொதுக்கல்விப் பாடங்கள் முடிந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். அறிவியல், எஞ்ஜினியரிங் பக்கம் போகிறவர்களுக்கு ஏ.எஸ்.-டி என்று தனிப் பட்டம். அதில் முதல் தடம் உயிரியல், வேதியியல் போன்றவற்றுக்கு. இரண்டாம் தடம் எஞ்ஜினியரிங், கம்ப்யூட்டர் சயின்ஸ், இயற்பியலுக்கு. எஞ்ஜினியரிங் ஆசை உள்ள பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு டி.டி.ஏ. பாதையில் போனால், பட்டம் கையில் இருக்கும், ஆனால் இயற்பியலும் கால்குலஸும் மிச்சம் இருக்கும். இந்தத் தவறு நம் ஆட்களிடம் அடிக்கடி நடக்கிறது.

வெளிமாநில அரசுப் பல்கலைக்கழகம் என்றால் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் செமஸ்டர் முறை. இங்கே 5 குவார்ட்டர் கிரெடிட் என்பது அங்கே மூன்றே கால் செமஸ்டர் கிரெடிட்டுக்குக் கொஞ்சம் அதிகம். எண்ணிக்கையைவிடத் தொடர்ச்சிதான் முக்கியம். கால்குலஸ் இங்கே 151, 152, 153 என்று மூன்று குவார்ட்டர். அங்கே அதே விஷயம் இரண்டு செமஸ்டர். 151, 152 மட்டும் முடித்துவிட்டுப் போனால், அங்கே கால்குலஸ் ஒன்றும், இரண்டில் பாதியும் முடித்தவராக நிற்பீர்கள். பாதிக்கு யாரும் கிரெடிட் தர மாட்டார்கள். வேதியியலில் 161, 162, 163 வரிசைக்கும் இதே கதைதான். தொடங்கிய தொடரை அதே வருடத்தில் முடித்துவிடுங்கள்.

பெரிய தனியார் பல்கலைக்கழகங்கள் மூன்றாவது திசை. ஹைஸ்கூல் பட்டத்துக்குக் கணக்கில் எடுத்த கல்லூரிப் பாடத்துக்கு மறுபடி கிரெடிட் தருவதில்லை என்பது அவற்றில் பலவற்றின் கொள்கை. ரன்னிங் ஸ்டார்ட் பாடங்கள் எல்லாமே அந்த வகைதான். அப்படியானால் பயனில்லையா? இருக்கிறது. கல்லூரி அளவுப் பாடத்தில் பிள்ளை நின்று காட்டினான் என்பதை சேர்க்கைக் குழு பார்க்கும். ஆனால் பணமும் காலமும் மிச்சமாகும் என்று எண்ணி அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இனி, எந்தத் திசையானாலும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. எத்தனை கிரெடிட் சேர்த்தாலும் பிள்ளை ‘ஃப்ரெஷ்மன்’, அதாவது முதலாண்டு மாணவன் ஆகத்தான் விண்ணப்பிப்பான், டிரான்ஸ்ஃபர் மாணவனாக அல்ல. சேர்ந்த பிறகுதான் கிரெடிட் கணக்கில் ஏறும். அதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகம் கம்யூனிட்டி காலேஜிலிருந்து அதிகபட்சம் 90 கிரெடிட் ஏற்கும். அங்கே 105 கிரெடிட் தொடும்போது மேஜர், அதாவது முதன்மைப் பாடம் எதுவென்று அறிவித்திருக்க வேண்டும். 90 கிரெடிட்டோடு உள்ளே போகும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு, முடிவெடுக்க ஒரே ஒரு குவார்ட்டர்தான் கிடைக்கும். மற்றவர்கள் ஒன்றரை, இரண்டு வருடம் சுற்றிப் பார்த்துச் செய்யும் தேர்வை இவன் பத்து வாரத்தில் செய்ய வேண்டும். தனக்கு என்ன பிடிக்கும் என்று இன்னும் தெரியாத பிள்ளைக்கு 90 கிரெடிட் சுமைதான். 45, 50 கிரெடிட்டோடு நிறுத்திக்கொண்டால் அது குறைவு இல்லை.

படி 2: 24 கிரெடிட் தாளை மேசையில் விரியுங்கள்

வாஷிங்டனில் ஹைஸ்கூல் பட்டத்துக்கு 24 கிரெடிட் வேண்டும். ஆங்கிலம் 4, கணிதம் 3, அறிவியல் 3, சமூகவியல் பாடங்கள் 3, கலை 2, உடல்நலம்-உடற்பயிற்சி 2, தொழிற்கல்வி 1, வேற்று மொழி 2, விருப்பப் பாடம் 4. பத்தாம் வகுப்பு முடியும்போது எவை முடிந்தன, எவை மிச்சம் என்று பள்ளியின் வழிகாட்டி ஆலோசகரான கவுன்சலரோடு உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். மிச்சம் உள்ளவற்றில் எதைக் கல்லூரியில் எடுப்பது, எதைப் பள்ளியிலேயே வைத்துக்கொள்வது என்பதுதான் திட்டம். உடற்பயிற்சி, வாஷிங்டன் மாநில வரலாறு, சிவிக்ஸ் போன்ற சின்னச் சின்னத் தேவைகள் கடைசி நேரத்தில் தலைகாட்டும். அவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தமிழ் வீடுகளுக்கு இங்கே ஒரு நல்ல செய்தி. இந்த மாநிலத்தில் வேற்று மொழிக் கிரெடிட்டைத் தேர்வு எழுதியே வாங்கலாம். படிக்க, எழுத, பேச, கேட்க எவ்வளவு தெரியும் என்று பார்த்து 4 கிரெடிட் வரை தருகிறார்கள். தமிழும் தேர்வுப் பட்டியலில் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப்பள்ளிக்குப் போக அடம்பிடித்த என் மகள், அந்தத் தேர்வில் கிடைத்த கிரெடிட்டால் காலியான இடத்தில்தான் கல்லூரி உயிரியலை எடுத்தாள். பிள்ளைக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தால் ஒன்பது, பத்தாம் வகுப்பிலேயே இதை முடித்துவிடுங்கள்.

படி 3: பிள்ளை தயாரா?

மார்க்கை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். நான் பார்த்தவரை, நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் இதில் தடுமாறுகிறார்கள், சுமாராகப் படிக்கும் பிள்ளைகளும் மலர்கிறார்கள். வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது. அம்மா நினைவுபடுத்தாமல் அசைன்மென்ட் சமர்ப்பிக்கிறதா? புரியாத இடத்தில் ஆசிரியருக்குத் தானாகவே மின்னஞ்சல் எழுதுமா? சிலபஸைப் படித்துத் தேதிகளைக் காலண்டரில் குறிக்குமா? இந்த மூன்றுக்கும் ஆமாம் என்றால் அனுப்பலாம். இல்லையென்றால் ஒரே ஒரு பாடத்தோடு தொடங்குங்கள்.

பாடம் மூன்றுதானே என்று லேசாக நினைக்க வேண்டாம். 15 கிரெடிட் என்பது முழுநேரப் படிப்பு. வகுப்பில் ஒரு மணி நேரத்துக்கு வீட்டில் இரண்டு மணி நேரம் என்பது கல்லூரிகள் சொல்லும் பொதுவான கணக்கு. வாரம் 45 மணி நேரம் ஆகிறது.

நண்பர்கள் விஷயத்தையும் பேசுங்கள். முழுநேரம் கல்லூரிக்குப் போகும் பிள்ளை பள்ளி மதிய உணவு மேசையை இழக்கிறது. விளையாட்டு, இசைக்குழு, கிளப் எல்லாம் பள்ளியிலேயே தொடரலாம். ஆனால் தினமும் கூடவே இருக்கும் தோழமை குறைந்துவிடும். என் மகள் முதல் குளிர்கால குவார்ட்டரில் அதற்காக அழுதாள். அதற்குப் பிறகு இசைக்குழு வகுப்பை மட்டும் பள்ளியிலேயே வைத்துக்கொண்டாள். சரியாகிவிட்டது.

படி 4: விண்ணப்பமும் பிளேஸ்மென்ட்டும்

விண்ணப்பம் எளிது. கல்லூரி இணையதளத்தில் ரன்னிங் ஸ்டார்ட் என்ற வகையைத் தேர்ந்தெடுத்து நிரப்பினால் மாணவர் எண் வரும். பொதுவான மாணவர் விண்ணப்பத்தைத் தவறுதலாக நிரப்பினால் பில் முழுத்தொகைக்கு வந்து நிற்கும். பதற வேண்டாம், ரன்னிங் ஸ்டார்ட் அலுவலகத்துக்கு எழுதினால் மாற்றித் தருவார்கள். பெயரைப் பள்ளி ஆவணத்தில் உள்ளபடியே எழுதுங்கள். அப்பா பெயரைக் கடைசிப் பெயராக வைக்கும் நம் வழக்கத்தில், பள்ளியில் ஒரு மாதிரியும் பாஸ்போர்ட்டில் இன்னொரு மாதிரியும் இருக்கும். இரண்டு டிரான்ஸ்கிரிப்டும் (பாடங்களும் கிரேடுகளும் உள்ள பதிவுத்தாள்) ஒரே ஆளுடையது என்று பின்னால் நிரூபிப்பது பெரிய வேலையாகிவிடும்.

அப்புறம் பிளேஸ்மென்ட். நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் கேம்பஸ் இன்டர்வியூதான் நினைவுக்கு வரும். இங்கே அது வேறு: ஆங்கிலத்திலும் கணிதத்திலும் எந்த நிலை வகுப்பில் உட்காரலாம் என்று பார்ப்பது. பள்ளி டிரான்ஸ்கிரிப்ட், மாநிலத்தின் ஸ்மார்ட்டர் பேலன்ஸ்டு தேர்வில் 3 அல்லது 4 நிலை, எஸ்.ஏ.டி. ஸ்கோர், அல்லது கல்லூரியின் சொந்தத் தேர்வு என்று பல வழிகள் உண்டு. உங்கள் கல்லூரி எதையெல்லாம் ஏற்கிறது என்று பார்த்து, சாதகமானதைக் கொடுங்கள். 100-க்குக் கீழே எண் கொண்ட வகுப்புகள் பொதுவாக ரன்னிங் ஸ்டார்ட்டில் சேராது. அதனால் இந்தத் தேர்வைத் தூங்கி எழுந்து அப்படியே போய் எழுதக் கூடாது. முக்கியமாகக் கணிதத்தில் இரண்டு வாரமாவது பழைய அல்ஜீப்ராவைப் புரட்டிவிட்டுப் போகச் சொல்லுங்கள். கீழ் நிலையில் விழுந்தால் எஞ்ஜினியரிங் பாதையில் ஒன்றிரண்டு குவார்ட்டர் பின்னால் போய்விடும்.

படி 5: அந்த ஒரு படிவம்

ரன்னிங் ஸ்டார்ட் சரிபார்ப்புப் படிவம் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு குவார்ட்டருக்கும் புதிதாக நிரப்ப வேண்டும். பள்ளியில் எத்தனை வகுப்பு, கல்லூரியில் எத்தனை கிரெடிட் வரை கட்டணமில்லை என்று கவுன்சலர் அதில் கணக்கிட்டுக் கையெழுத்திடுவார். பிள்ளையும், பதினெட்டு வயது ஆகாவிட்டால் பெற்றோரும் கையெழுத்திட வேண்டும். பள்ளியில் அதிக வகுப்பு வைத்துக்கொண்டால் கல்லூரியில் இலவச அளவு குறையும். அந்த எண்ணைத் தாண்டி எடுத்த கிரெடிட்டுக்குப் பில் வரும்.

கோடை விடுமுறையில் கவுன்சலர்கள் இருக்க மாட்டார்கள். இலையுதிர் குவார்ட்டருக்கான கையெழுத்தை ஜூன் முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். இதை நாங்கள் தவறவிட்டு, செப்டம்பரில் பள்ளி திறக்கும்வரை காத்திருந்தோம். அதற்குள் காலை நேர ஆங்கில வகுப்புகள் எல்லாம் நிரம்பிவிட்டன. மகள் ராத்திரி ஒன்பது மணிக்கு வகுப்பு முடிந்து மழையில் பஸ் நிறுத்தத்தில் நின்றாள்.

படி 6: முதல் குவார்ட்டரில் எதை எடுப்பது?

இரண்டு பாடம், அதாவது 10 கிரெடிட்டுக்கு மேல் முதல் குவார்ட்டரில் வேண்டாம் என்பது என் அறிவுரை. அதில் ஒன்று இங்கிலீஷ்& 101 ஆக இருக்கட்டும். எந்தப் பட்டத்துக்கும், எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் தேவைப்படும் பாடம் அது. மற்ற பாடங்களுக்கு வேண்டிய கட்டுரை எழுதும் பழக்கமும் அங்கேதான் வரும். இரண்டாவது, பிள்ளைக்கு உண்மையிலேயே பிடித்த ஒன்று. உளவியல், மானுடவியல், வானியல் எதுவானாலும் சரி. முதல் குவார்ட்டரிலேயே கால்குலஸ், வேதியியல், ஆங்கிலம் மூன்றையும் தலையில் ஏற்றி அனுப்பும் பெற்றோரைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், வேண்டாம்.

அறிவியல் தொடர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அவை பெரும்பாலும் இலையுதிர் குவார்ட்டரில் ஆரம்பித்து வசந்தத்தில் முடியும் வரிசையில் திட்டமிடப்பட்டவை. ஜனவரியில் சேர நினைத்தால் முதல் பாகம் கிடைக்காமல் போகலாம். வருடம் முழுவதற்குமான திட்டத்தை செப்டம்பருக்கு முன்பே எழுதி, கல்லூரியின் அட்வைசரிடமும் பள்ளிக் கவுன்சலரிடமும் தனித்தனியாகக் காட்டுங்கள். அவர் கல்லூரிப் பட்டத்தைப் பார்ப்பார், இவர் ஹைஸ்கூல் பட்டத்தைப் பார்ப்பார். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ஆள் வீட்டில் நீங்கள்தான்.

பணம்

கல்விக் கட்டணம் மாநிலத்தின் பொறுப்பு. புத்தகம், லேப் கட்டணம், கல்லூரியின் கட்டாய ஃபீஸ், போக்குவரத்து உங்கள் பொறுப்பு. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு, அதாவது பள்ளியில் இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதி பெற்றவர்களுக்கு, ஃபீஸில் தள்ளுபடி உண்டு. புத்தகம் கடன் தரும் ஏற்பாடும் பல கல்லூரிகளில் இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும். கேட்பதில் கூச்சம் வேண்டாம். பஸ்ஸுக்கு 18 வயது வரை கட்டணமில்லை. 2022 செப்டம்பரிலிருந்து இளையோருக்கான ஆர்கா அட்டையைக் காட்டினால் போதும்.

மறுபக்கம் மிச்சமாவது எவ்வளவு? வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மாநில மாணவருக்கு வருடத்துக்கு சுமார் 13,000 டாலர் கல்விக் கட்டணம். ஒரு வருடக் கிரெடிட்டை முன்பே முடித்தால் அந்தத் தொகையோடு, தங்கும் செலவும் குறைகிறது. கிரெடிட் மேஜருக்குப் பொருந்தினால் மட்டும்தான் இது நடக்கும் என்பதை மறுபடி சொல்லிவிடுகிறேன்.

படி 7: குவார்ட்டர் ஓடும்போது

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். பெற்றோராக எனக்குக் கடினமாக இருந்தது இந்தப் பகுதிதான்.

கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து, வயது பதினாறாக இருந்தாலும், அந்தக் கல்லூரிப் பதிவுகள் மீதான உரிமை பிள்ளையுடையது. ஃபெர்பா என்ற கூட்டாட்சிச் சட்டம் அப்படிச் சொல்கிறது. நீங்கள் பேராசிரியரைக் கூப்பிட்டு மார்க் கேட்டால் அவர் பேச மாட்டார். அது அவமரியாதை இல்லை, சட்டம். பிள்ளை சம்மதப் படிவம் கொடுத்தால் பார்க்கலாம். நாங்கள் வீட்டில் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டோம். ஒவ்வொரு ஞாயிறு மாலையும் அரை மணி நேரம், அவளே திறந்து காட்டுவாள். நான் கேள்வி கேட்பேன், திட்ட மாட்டேன். இரண்டாவது பாதியைக் காப்பாற்றுவது எனக்கு எளிதாக இல்லை, ஆனால் காப்பாற்றினேன். அதனால்தான் மூன்றாவது வாரத்தில் புள்ளியியலில் பின்தங்கியதை அவளே சொன்னாள்.

அந்த மூன்றாவது வாரம் முக்கியம். பதினோரு வாரத்தில் மூன்று போய்விட்டால், நான்கில் ஒரு பங்குக்கு மேல் முடிந்துவிட்டது. பாடம் கைமீறுகிறது என்றால் இரண்டு தேதிகளைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஆரம்பத்தில் ஒரு தேதிக்குள் விலகினால் டிரான்ஸ்கிரிப்டில் தடயமே இருக்காது. அதற்குப் பிறகு இன்னொரு தேதி வரை விலகினால் ‘டபிள்யூ’ என்று பதிவாகும். அதையும் தாண்டினால் வருகிற கிரேடுதான். ஒரே ஒரு டபிள்யூ யாருடைய எதிர்காலத்தையும் கெடுக்காது. பயத்தில் ஒளித்துவைத்து வாங்கும் பூஜ்யம்தான் கெடுக்கும். ஆனால் விலகும் முன் கவுன்சலரிடம் கேளுங்கள், அந்தப் பாடம் ஹைஸ்கூல் பட்டத்துக்குத் தேவையாக இருக்கலாம்.

அரியர் வைத்து அடுத்த முறை எழுதிச் சரிசெய்துகொள்ளலாம் என்ற நம் ஊர் நினைப்பு இங்கே உதவாது. மறுபடி எடுத்துப் படிக்கலாம், ஆனால் பழைய பதிவும் டிரான்ஸ்கிரிப்டில் இருக்கும். பிற்காலத்தில் மருத்துவக் கல்லூரிக்கோ சட்டக் கல்லூரிக்கோ விண்ணப்பித்தால், ஹைஸ்கூல் வயதில் எடுத்த கல்லூரிப் பாடங்களின் கிரேடுகளையும் அவர்கள் கணக்கில் எடுப்பார்கள். டாக்டர் ஆக வேண்டும் என்று சொல்லும் பிள்ளை கரிம வேதியியலைப் பதினாறு வயதில் எடுக்க அவசரப்பட வேண்டியதில்லை.

பள்ளியில் ஐ.இ.பி. போன்ற தனித்தேவைத் திட்டத்தில் இருக்கும் பிள்ளை என்றால், அது கல்லூரிக்குத் தானாக வந்து சேராது. கல்லூரியின் மாற்றுத்திறனாளி சேவை அலுவலகத்தில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். தேர்வில் கூடுதல் நேரம் போன்றவற்றை அங்கேதான் வாங்க முடியும். குவார்ட்டர் தொடங்கும் முன்பே போங்கள்.

இரண்டு காலண்டர்களையும் குளிர்பெட்டியின் மேல் ஒட்டிவையுங்கள். பள்ளி செப்டம்பர் தொடக்கத்தில் திறந்தால் கல்லூரி அந்த மாதக் கடைசியில்தான் திறக்கும். வசந்த விடுமுறை இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே வாரத்தில் வராது. ஊருக்கு டிக்கெட் போடும் முன் இறுதித் தேர்வு வாரத்தைப் பாருங்கள்.

எச்-4 பிள்ளைகளுக்கு

விசாவில் இருக்கும் குடும்பங்கள் இதைத் தங்களுக்கில்லை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். தவறு. எச்-1பி விசாவில் வேலை செய்பவரின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் படிக்கத் தடையில்லை. அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை ரன்னிங் ஸ்டார்ட்டிலும் சேரலாம். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லையென்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். கல்லூரியின் மாணவர் எண் போதும். இந்தப் பிள்ளைகள் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது, கூட்டாட்சி அரசின் கல்வி நிதியுதவியும் கிடைக்காது, 21 வயதில் பெற்றோரின் விசாவை விட்டு வெளியே வர வேண்டியிருக்கும். அப்படிப்பட்டவர்களுக்குக் கட்டணமில்லாத கல்லூரிக் கிரெடிட், மற்ற எல்லோரையும்விட அதிகம் உதவும். பட்டப்படிப்பை ஒரு வருடம் முன்னால் முடிப்பது அவர்களுக்கு வெறும் சிக்கனம் அல்ல.

வேறு மாநிலத்தில் இருந்தால்

பெயர் மாறும், அடிப்படை அதேதான். மினசோட்டாவில் 1985-லேயே தொடங்கிய பி.எஸ்.இ.ஓ., ஒஹாயோவில் காலேஜ் கிரெடிட் ப்ளஸ், டெக்சஸில் டூயல் கிரெடிட், கலிஃபோர்னியாவில் டூயல் என்ரோல்மென்ட். டெக்சஸில் கல்லூரிப் படிப்புக்குத் தயாரா என்று பார்க்கும் டி.எஸ்.ஐ. தேர்வு வேண்டியிருக்கும், அங்கே 42 செமஸ்டர் கிரெடிட் கொண்ட பொதுப்பாடத் தொகுப்பு அரசுக் கல்லூரிகளுக்கு இடையே மாறும். கலிஃபோர்னியாவில் அசிஸ்ட் என்ற தளத்தில் எந்தக் கம்யூனிட்டி காலேஜ் பாடம் எந்த அரசுப் பல்கலைக்கழகத்தில் எதற்குச் சமம் என்று பார்த்துவிட்டே பாடம் தேர்ந்தெடுக்கலாம். கட்டணம், வயது, கிரெடிட் வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். அதைக் கவுன்சலரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கடைசிப் படி: கிரெடிட்டை உரிய இடத்தில் சேர்ப்பது

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் கல்லூரிப் பாடங்களைத் தனியாகக் காட்டச் சொல்வார்கள். டபிள்யூ உட்பட எல்லாவற்றையும் எழுதுங்கள். விட்டுவிட்டால் பின்னால் கேள்வி வரும். இடம் கிடைத்த பிறகு இரண்டு அதிகாரப்பூர்வ டிரான்ஸ்கிரிப்ட் போக வேண்டும். ஹைஸ்கூலிலிருந்து ஒன்று, கம்யூனிட்டி காலேஜிலிருந்து ஒன்று. ஹைஸ்கூல் தாளில் கல்லூரிப் பாடம் அச்சாகியிருந்தாலும் அதை வைத்துக் கிரெடிட் தர மாட்டார்கள். அசோசியேட் பட்டம் வாங்குகிற பிள்ளை அதற்குத் தனியாக விண்ணப்பித்திருக்க வேண்டும், தானாக வந்துவிடாது. வசந்த குவார்ட்டர் கிரேடுகள் ஜூன் கடைசி வாரத்தில்தான் ஏறும். அவை ஏறிய பிறகு கல்லூரி டிரான்ஸ்கிரிப்டை அனுப்பச் சொல்லுங்கள், முன்பே அனுப்பினால் கடைசிப் பாடங்கள் அதில் இருக்காது. எல்லாப் பாடங்களின் சிலபஸையும் ஒரு ஃபோல்டரில் சேமித்துவையுங்கள். ஏதாவது ஒரு பாடத்தை ‘விருப்பப் பாடம்’ என்று தள்ளிவிட்டால், சிலபஸைக் காட்டி மறுபரிசீலனை கேட்கலாம். என் மகளுக்குப் புள்ளியியல் அப்படித்தான் தள்ளப்பட்டது. பன்னிரண்டு பக்க சிலபஸை அவளே அனுப்பினாள், மூன்று வாரத்தில் மேஜரில் சேர்த்துக்கொண்டார்கள்.